லாரி அக்காவின் ஆறாம் நாள்

அவளுடைய சொந்தப் பெயர் பந்தயப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அணியில் எல்லோருக்கும் அவள் லாரி அக்கா. முதலில் யாரோ ஒருத்தி கிண்டலாகத் தண்ணி லாரி என்று ஆரம்பித்தாள். போகப்போக 'தண்ணி' எங்கோ வழியில் கழன்று விழுந்துவிட்டது. 'அக்கா' வந்து ஒட்டிக்கொண்டது.

முப்பத்து நாலு வயது. பன்னிரண்டு வருடமாகச் சம்பளத்துக்கு சைக்கிள் மிதிக்கிறாள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு பந்தயத்தில்கூட முதலாவதாக வந்ததில்லை. வரவேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை. ஆறு பேர் கொண்ட அணியில் ஒருத்தி ஜெயிப்பதற்காக ஐந்து பேர் உழைப்பார்கள்; அவள் அந்த ஐந்தில் ஒருத்தி. எதிர்க்காற்று அடித்தால் முன்னால் போய் அதை நெஞ்சில் வாங்கவேண்டும். தலைவி பின்னால் அந்த மறைவில் அலுங்காமல் வருவாள். தலைவியின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை தண்ணீர். அணியின் கார் கூட்டத்துக்கு வெகு பின்னால் வரும். அதுவரை பின்வாங்கிப் போய், கார் ஜன்னல் வழியாக பாட்டில்களை வாங்கி, சட்டையின் முதுகுப் பைகளிலும் கழுத்துக்குப் பின்னாலும் திணித்துக்கொண்டு, நூறு பேரைத் தாண்டி மறுபடி முன்னால் வந்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கவேண்டும். வெயில் நாளில் இப்படி எட்டு நடை, பத்து நடை. மற்றவர்கள் ஒரு நடைக்கு நாலு பாட்டில் கொண்டுவருவார்கள், மிஞ்சிப்போனால் ஐந்து. லாரி அக்கா ஏழு கொண்டுவருவாள். ஒட்டகத்துக்கு திமில் வைத்ததுபோல முதுகு புடைத்துக்கொண்டிருக்க அவள் கூட்டத்துக்குள் நுழைந்தால், மற்ற அணிக்காரிகள்கூட சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள்.

அவள் சைக்கிளுக்கு வந்ததே தற்செயல். சின்ன வயதில் நீச்சல்காரி. இருபத்தோரு வயதில் தோள்பட்டை மக்கர் பண்ண, சிகிச்சை நடந்த ஆறு மாதமும் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் அவளை நிற்கிற சைக்கிள் மிஷினில் உட்காரவைத்தார். கால் மணி நேரம் கழித்து வந்து திரையைப் பார்த்தவர், மிஷின் பழுதாகிவிட்டது என்று பக்கத்து மிஷினுக்கு மாற்றினார். அதிலும் அதே எண்தான் வந்தது. அப்புறம் அவரே ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து இறங்கி, "நீங்க தண்ணிக்குள்ள இருந்தது போதும்" என்றார்.

கல்யாணத்துக்குக் காரணம் காறை எலும்பு. மூன்றாவது வருடம் மழையில் வழுக்கி விழுந்து, கையைத் தாங்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்றபோது, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றான் அங்கே இருந்த டெக்னீஷியன். விடச் சொல்ல மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கதையை யாராவது கேட்டால், "இன்னும் விடச் சொல்லல" என்பாள் அவள். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் அவனுடைய அம்மாவும். மாமியார் முப்பது வருடம் சீருடை தைக்கிற கம்பெனியில் மேற்பார்வை பார்த்தவர். கோணல் தையல் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. இப்போது அந்தக் கண்ணை டி.வி.யில் சைக்கிள் பந்தயம் பார்க்க உபயோகித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடத்தின் பெரிய பந்தயம் எட்டு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர். எட்டு நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவளே வெற்றியாளர். அணியின் தலைவி இருபத்து மூன்று வயதுப் பெண். சின்னவள் என்று கூப்பிடுவார்கள். குச்சி மாதிரி உடம்பு. மேட்டைக் கண்டால் மட்டும் பூனை மாதிரி ஏறுவாள். அவளுக்கும் லாரி அக்காவுக்கும் ஒரே அறை. தினமும் ஒரு புது ஓட்டல், ஆனால் அறை என்னவோ ஒரே அறைதான்: இரண்டு கட்டில், நடுவில் திறக்க இடமில்லாமல் திறந்துகிடக்கும் இரண்டு பெட்டி, குளியலறைக் கம்பியில் சொட்டுகிற சாக்ஸ். சாயங்காலம் இரண்டு பேரும் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி பேசுவார்கள்.

நாலாம் நாள்தான் விபத்து. முடிவுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, சின்னவளைப் பத்திரமாக முன்னால் கொண்டுசேர்க்க லாரி அக்கா ஓரமாக மிதித்துக்கொண்டிருந்தாள். வேறொரு அணியின் பெண் ஒருத்தி வலதுபக்கமிருந்து முழங்கையை விரித்து உள்ளே பாய்ந்தாள். கடைசி இருநூறு மீட்டரில் எல்லோரையும் முந்துவதற்கென்றே பிறந்தவள் அவள், பெயரே ராக்கெட். கைப்பிடியில் கைப்பிடி மோதியது. ராக்கெட் நிமிர்ந்து போய்விட்டாள். லாரி அக்கா தார்ச் சாலையில் பத்து மீட்டர் தேய்ந்துகொண்டு போனாள்.

எலும்பு ஒன்றும் உடையவில்லை. இடது இடுப்பிலும் முழங்கையிலும் தோல்தான் போயிற்று, உள்ளங்கை அகலத்துக்கு. சாயங்காலம் காயத்தைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. முதலில் மாமியார்தான்.

"ஏம்மா, தினமும் மூணு மணி நேரம் டி.வி. முன்னாடியே உக்காந்திருக்கேன், உன்ன ஒரு தடவ கண்ணுல காட்டல. விழுந்தா மட்டும் மூணு தடவ காட்டறான். அதுவும் மெதுவா ஓட்டி ஓட்டிக் காட்டறான்!"

"ஒண்ணும் இல்ல அத்தை. தோல்தான்."

"தோல்தான்னா? அது என்ன துணியா, ஒட்டுப் போட? அந்தப் பொண்ணு வேணும்னே இடிச்சா. நான் பாத்தேன். என் கைல கெடச்சா காதத் திருகிடுவேன்."

பிறகு போன் கணவன் கைக்கு மாறியது. "மணிக்கட்ட மடக்க முடியுதா? விரல் எல்லாம் மூடித் தெறக்குதா?" என்று மட்டும் கேட்டான். "முடியுது" என்றாள். "சரி, அப்ப சாப்டுட்டுப் படு" என்றான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அவள் உடம்பின் எலும்புகள் எல்லாம் அவனுக்குப் படமாகத் தெரியும். அதனால் பயமும் அளவோடுதான்.

அடுத்த இரண்டு நாளும் காலையில் படுக்கை விரிப்பு காயத்தோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது. வெந்நீரில் நனைத்து நனைத்துப் பிரித்தாள். சின்னவள் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அக்கா, இன்னிக்கு நீங்க வேணா வீட்டுக்குப் போங்களேன்" என்றாள்.

"போனா உனக்குத் தண்ணி யாரு தருவா? மழையா?"

ஆறாம் நாள் நூற்று இருபத்தாறு கிலோமீட்டர். இரண்டு மலை, நடுவில் ஒரு நீளமான பள்ளத்தாக்கு. சின்னவள் அன்றைக்கு மொத்தக் கணக்கில் இரண்டாவது இடத்தில், முதலிடத்துக்குப் பதினாலு வினாடி பின்னால் இருந்தாள். இரண்டாம் மலையில் திடீரென்று வேகமெடுத்துத் தாக்கவேண்டும் என்பது திட்டம். "மலை அடிவாரம் வரைக்கும் அவ முகத்துல காத்தே படக்கூடாது. அதுக்கப்புறம் உங்க வேலை முடிஞ்சது" என்றார் மேனேஜர் காலையில், பஸ்ஸில் வைத்து, லாரி அக்காவைப் பார்த்து. அவள் தலையாட்டினாள். இந்த வாக்கியத்தைப் பன்னிரண்டு வருடமாக வெவ்வேறு மேனேஜர்கள் வாயால் கேட்டிருக்கிறாள்.

முதல் மலை சுமாராகப் போயிற்று. பள்ளத்தாக்கில் இறங்கியதும் வெயில் தலையில் அடித்தது. எல்லோருடைய பாட்டிலும் காலி. அவள் பின்வாங்கி, காரோடு ஒட்டிப்போய், ஏழு பாட்டிலை வாங்கித் திணித்துக்கொண்டாள். காரிலிருந்த மேனேஜர் ஏழாவதைக் கொடுக்கும்போதே அவர் காதிலிருந்த ரேடியோ கத்தியது. பக்கவாட்டிலிருந்து காற்று திடீரென்று எழும்பிவிட்டது. முன்னால் இருந்த அணிகள் அதுதான் சமயம் என்று வேகத்தை ஏற்றி, கூட்டத்தை வெட்டிவிட்டார்கள். சின்னவள் உட்பட நாற்பது பேர் முன்னால். மீதி அறுபது பேர் பின்னால். நடுவில் வெறும் சாலை. லாரி அக்கா ஏழு பாட்டிலோடு தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்டாள்.

"தண்ணியத் தூக்கிப் போட்டுட்டுப் போங்க!" என்று மேனேஜர் ஜன்னல் வழியாகக் கத்தினார். அதுவும் நியாயம்தான். ஏழு பாட்டில் என்றால் நாலு கிலோ. நாலு கிலோவைச் சுமந்துகொண்டு, பக்கக் காற்றில், தனி ஆளாக ஒன்றேகால் நிமிட இடைவெளியை யாரும் மூடமாட்டார்கள்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். சின்னவளின் கடைசி பாட்டில் காலியாகி இருபது நிமிடம் ஆகிவிட்டது. தண்ணீர் இல்லாமல் அவள் இரண்டாம் மலை ஏறுவது நடக்காத காரியம். பாட்டிலைப் போட்டுவிட்டு முன்னால் போய்ச் சேர்ந்தால், கையை வீசிக்கொண்டு போய்ச் சேர்ந்த மாதிரிதான். தலையைக் கவிழ்த்து மிதிக்க ஆரம்பித்தாள்.

இருபத்திரண்டு நிமிடம். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பவில்லை. இடுப்புக் கட்டுக்குக் கீழே ஈரம் பரவியது, வேர்வையா ரத்தமா என்று பார்க்கவில்லை. கடைசியில் முன்கூட்டத்தின் வால் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அதையும் பிடித்து, ஓரமாக ஊர்ந்து, சின்னவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். சின்னவள் பாட்டிலை வாங்கிப் பாதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க உதடெல்லாம் வெள்ளையா இருக்கு."

"இருக்கட்டும். நீ காத்துல தலைய நீட்டாத."

மற்றவர்களுக்கும் கொடுத்தாள். கடைசியில் மிஞ்சிய பாட்டில் அவளுடையது. அதைக் கூட்டத்தில் யாரோ கேட்க, அதையும் கொடுத்துவிட்டாள். அந்தத் துரத்தலில் சாப்பிட மறந்துபோயிருந்தாள். பன்னிரண்டு வருட அனுபவசாலி செய்யக்கூடாத தப்பு அது. நாலு நிமிடம் கழித்து, அடுப்பில் கேஸ் தீர்ந்த மாதிரி, கால்கள் சத்தமில்லாமல் அணைந்தன. முன்கூட்டம் போய்விட்டது. பின்னால் வந்த அறுபது பேரும் அவளைக் கடந்தார்கள். அதிலும் ஒட்டிக்கொள்ள முடியவில்லை. அப்புறம் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், ஆம்புலன்ஸ். எல்லாம் போனபின் பள்ளத்தாக்கு அமைதியாகிவிட்டது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி.

அமைதி என்றாலும் முழு அமைதி இல்லை. பின்னால் ஒரு டீசல் வண்டி முனகிக்கொண்டு வந்தது. துடைப்ப வண்டி. கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வேன் அது. முதுகில் நிஜமாகவே ஒரு துடைப்பத்தைக் கட்டியிருப்பார்கள். முடியாதவர்கள் சைக்கிளை அதில் ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். உட்கார்ந்தால் பந்தயம் அத்தோடு சரி. உட்காராவிட்டாலும் ஒரு கெடு உண்டு: முதலாவதாக வந்தவளுடைய நேரத்தோடு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்து, அதற்குள் வந்துவிடவேண்டும். ஒரு வினாடி தாண்டினாலும் மறுநாள் வீட்டுக்குத்தான்.

வேன் டிரைவர் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து கண்ணாடியை இறக்கினார். மற்ற மாதங்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவசரம் என்பதே தெரியாத முகம்.

"ஏறிக்கிறீங்களாம்மா? உள்ள ஃபேன் இருக்கு."

"வேணாம்ணா."

"சரி. நான் எங்கயும் போயிடல. மெதுவா யோசிங்க."

அவள் சட்டைப் பையைத் துழாவினாள். நசுங்கிப்போன ஜாம் பன் ஒன்று இருந்தது. காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பல்லால் சுரண்டித் தின்றாள். அடுத்த ஊரில் பம்ப்படியில் நின்றிருந்த ஒரு பெண்மணி வாளியில் இருந்த தண்ணீரை மொண்டு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். தனக்காகத் தண்ணீர் வாங்கி எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் பன் வேலை செய்ய ஆரம்பித்தது. கால்கள் திரும்பி வந்தன; முழுசாக இல்லை, முக்கால்வாசி.

இரண்டாம் மலையின் மூன்றாவது வளைவில், சாலையோரக் கைப்பிடிச் சுவரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் தரையில் கிடந்தது. பந்தயத்தைக் கைவிடுகிறவர்கள் செய்கிறபடி, முதுகில் குத்தியிருந்த போட்டி எண்ணின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கழற்றியாகிவிட்டது, இரண்டு பாக்கி. முகம் அழுது வீங்கியிருந்தது. ராக்கெட்.

சமதளத்தில் ராக்கெட்டாக இருப்பவர்களுக்கு மலை எப்போதும் எமன்தான். தன் கூட்டத்தில் கடைசியாக விடுபட்டு, தனியாகக் கொஞ்சம் ஏறி, முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

லாரி அக்கா அவளைக் கடந்து பத்து மீட்டர் போய்விட்டாள். காதில் மாமியாரின் குரல் கேட்டது. கேட்டாலும், தலை வேறு ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. மேலே ஏழு கிலோமீட்டர் ஏற்றம். அப்புறம் பதிமூன்று கிலோமீட்டர் இறக்கம். கடைசி ஐந்து எதிர்க்காற்றில் சமதளம். தனியாக என்றால் கெடுவுக்குள் முடியாது. இரண்டு பேர் என்றால், ஒருவேளை.

காலைத் தரையில் ஊன்றித் திரும்பினாள்.

"ஏய். எந்திரி."

ராக்கெட் நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று தெரிந்ததும் முகம் இன்னும் சுருங்கியது. "அக்கா, அன்னிக்கு நான்..."

"அதெல்லாம் கீழ போய்ப் பேசிக்கலாம். நம்பரக் குத்து. மேல வரைக்கும் நான் இழுக்கறேன். எறக்கத்துல நீ. கடைசில மாத்தி மாத்தி."

"நேரம் பத்தாதுக்கா."

"பத்தலன்னா வேன்ல சேந்து உக்காந்து போலாம். பேச்சுத் துணையாச்சு."

பின்னால் நின்ற வேனில் டிரைவர் வண்டியை நியூட்ரலில் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மலையில் லாரி அக்கா முன்னால் போனாள். ஒரே சீரான வேகம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை. பின்னால் மூச்சு இரைக்கிற சத்தம் விலகினால் ஒரு நூல் குறைப்பாள். ஒட்டிக்கொண்டால் ஒரு நூல் கூட்டுவாள். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, மூச்சே சொல்லும். வளைவுகளில் நின்று பார்த்த சனம் பாதிக்கு மேல் கலைந்துபோய், மடக்கு நாற்காலிகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

அணியின் கார் சின்னவளோடு முன்னால் போய்விட்டதால் அவளுடைய காது ரேடியோ செத்துக் கிடந்தது. முன்னால் என்ன நடக்கிறது, யார் ஜெயித்தாள், கெடு எப்போது என்று ஒன்றும் தெரியவில்லை. வேனில் மட்டும் பந்தய அதிகாரிகளின் ரேடியோ உண்டு. ஆனால் துடைப்ப வண்டிக்காரர் போட்டியாளர்களுக்கு எந்த உதவியும் செய்யக்கூடாது என்பது சட்டம்.

உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது வேன் கொஞ்சம் நெருங்கி வந்தது. இரண்டு பக்கக் கண்ணாடியும் முழுக்க இறங்கின. ரேடியோ சத்தம் மலை முழுக்க எதிரொலித்தது.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா," என்றார் டிரைவர் யாரையும் பார்க்காமல். "சத்தமா வெச்சாத்தான் கேக்குது."

ரேடியோ சொன்னது: முதலாவது ஆள் வந்தாயிற்று. மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். கெடு, இதிலிருந்து முப்பத்து மூன்று நிமிடம் பதினெட்டு வினாடி.

லாரி அக்கா கைக்கடிகாரத்தை அழுத்தினாள்.

உச்சியைத் தாண்டியபோது இருபத்தாறு நிமிடம் இருந்தது. ராக்கெட் முன்னால் வந்தாள். இறக்கத்தில் அவள் வேறு ஆள். உடம்பைச் சுருட்டி, மூக்கைக் கைப்பிடியில் வைத்து, வளைவுக்குள் தண்ணீர் மாதிரி வழிந்து போனாள். லாரி அக்காவின் விரல்கள் தாமாகவே பிரேக்கை அழுத்தின. நாலாம் நாளிலிருந்தே அப்படித்தான். வேகம் ஏறினால் உடம்புக்குத் தார்ச் சாலையின் சூடு ஞாபகம் வந்துவிடும். முதல் இரண்டு வளைவிலேயே முப்பது மீட்டர் பின்தங்கினாள்.

ராக்கெட் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள். "அக்கா! பிரேக்க விடுங்க! ரோட்டப் பாக்காதீங்க. என் சக்கரத்த மட்டும் பாருங்க!"

தன்னைத் தள்ளிவிட்டவளின் சக்கரம்தான். வேறு சக்கரம் அங்கே இல்லை. லாரி அக்கா விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். அப்புறம் பதினைந்து நிமிடம் அவள் பார்த்ததெல்லாம் ஒரு கறுப்பு டயரும் அதன் நடுவில் ஒரு மெல்லிய கீறலும்தான். அது சாய்ந்தபோது சாய்ந்தாள், நிமிர்ந்தபோது நிமிர்ந்தாள். கீழே வந்துசேர்ந்தபோது கன்னமெல்லாம் காற்றில் காய்ந்த கண்ணீர்த் தடம். பயத்தால் வந்ததா, வேகத்தால் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசி ஐந்து கிலோமீட்டர் முகத்தில் அடிக்கிற காற்று. முப்பது வினாடி இவள் முன்னால், முப்பது வினாடி அவள் முன்னால். "மாத்து", "மாத்து" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கிடங்குகள், பெட்ரோல் பங்க், ஒரு ரவுண்டானா, பிறகு ஊர். ஒரு கிலோமீட்டர் பாக்கி என்று காட்டும் அலங்கார வளைவைத் தாண்டும்போது இரண்டு நிமிடம் இருந்தது. ராக்கெட் எழுந்து நின்று மிதித்தாள். முன்னூறு மீட்டர் இருக்கும்போது திரும்பிப் பார்த்து, கையை நீட்டி லாரி அக்காவின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுக்கப் போனாள்.

"தொடாத! ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவான்!" என்று கத்தினாள் லாரி அக்கா. வாழ்நாளில் வைத்திருந்த மிச்சம் மீதி எல்லாவற்றையும் அந்த முன்னூறு மீட்டரில் இறக்கினாள்.

இருபத்தாறு வினாடி மிச்சம்.

மேடையைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரு மூடிய செருப்புக் கடையின் வாசல்படியில், யாரோ கொடுத்த குளிர்பானத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேன் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, ஆளில்லாத இருக்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

வெகுநேரம் கழித்து ராக்கெட் சொன்னாள்: "அக்கா, அன்னிக்கு நான் உங்களப் பாக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"ம்."

"பாத்தேன். எடம் வேணும்னு நெனச்சேன். நீங்க வெலகிடுவீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் வெலகிடுவாங்க."

லாரி அக்கா பானத்தின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் களைத்துப்போய், நொண்டிக்கொண்டு வந்தது.

"நான் வெலகற ஆள் இல்லம்மா," என்றாள். "என் பின்னாடி எப்பவும் ஒருத்தி இருப்பா."

ராக்கெட் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிடுங்க" என்றாள், மிகவும் சின்னக் குரலில்.

"சரி. இனிமே இன்னொருத்தர இடிக்காத. எல்லாருக்கும் என்னளவு தோல் கெட்டி கெடையாது."

ஓட்டலுக்குப் போனபோது சின்னவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். திட்டமிட்டபடி இரண்டாம் மலையில் தாக்கியிருந்தாள். ஆனால் முதலிடத்துக்காரியும் விடவில்லை, நாலு வினாடிதான் குறைந்தது. ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். இடுப்புக் காயத்தில் கை பட்டு லாரி அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவே திறந்தது.

வீட்டுக்குப் போன் பண்ணினாள். மாமியாருக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. கடைசி முன்னூறு மீட்டரை டி.வி.யில் காட்டியிருக்கிறார்கள்.

"போயும் போயும் அவளையா இழுத்துட்டு வந்த?"

"அவதான் என்னை இழுத்துட்டு வந்தா அத்தை. எறக்கத்துல."

"மன்னிப்புக் கேட்டாளா?"

"கேட்டா."

"ஒழுங்காக் கேட்டாளா, வாய்க்குள்ள கேட்டாளா?"

"வாய்க்குள்ளதான். ஆனா ஒழுங்காக் கேட்டா."

"சரி போ," என்றார் மாமியார், மனசில்லாமல்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் பெரிய கதை இல்லை. சின்னவள் பத்து வினாடி வித்தியாசத்தில் இரண்டாவதாக முடித்தாள். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை, மறுநாள் சரியாகிவிட்டாள். ராக்கெட் கடைசி நாளில் ஜெயிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாலாவதாக வந்தாள். லாரி அக்கா முடித்தவர்களில் எழுபத்தோராவது. அந்த இரண்டு நாளில் மட்டும் முப்பத்தெட்டு பாட்டில் சுமந்தாள் என்று மெக்கானிக் எண்ணிச் சொன்னார்.

கடைசி நாள் பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்கு தண்ணியத் தூக்கிப் போடச் சொன்னேன். கேக்கல."

"காத்துல சரியா காதுல விழல."

"விழுந்துது. எனக்குத் தெரியும்." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் இருக்கீங்கல்ல?"

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

வீட்டில் அவள் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு நாள் வலப்பக்கமாகவே படுத்துத் தூங்கினாள். சாப்பாட்டுக்கு எழுந்து, சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். மூன்றாம் நாள் மத்தியானம் மொட்டை மாடியில் பந்தயச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் ஈரச் சட்டையை ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தான். முதுகுப் பைகள் எல்லாம் தொளதொளவென்று நீண்டு தொங்கின. எத்தனை துவைத்தாலும் இனி அவை பழைய அளவுக்கு வரப்போவதில்லை.

"இதெல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றான் அவன்.

"ஆமா. அடுத்த வருஷத்துக்கு பிப்ரவரில புதுசு தருவாங்க" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். அடுத்த சட்டையை எடுத்து உதறினான்.